பின் சீட்டில் ஆள் வேண்டும்

அனந்தகிருஷ்ணனின் மோட்டார் சைக்கிளில் நான் செய்த வேலையைப் பற்றி எங்கள் பாலிகஞ்ச் தெருவில் இரண்டு விதமாகப் பேசிக்கொள்கிறார்கள். ஒரு குடும்பத்தில் கலகம் மூட்டினேன் என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை, சேர்த்து வைத்தேன் என்று சிலர். இரண்டையும் நான் ஒப்புக்கொள்வதற்கில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன்.

அனந்து ஒரு வங்கியில் அதிகாரி. என் வயதுதான், முப்பத்தைந்து. அவன் மனைவி விஜயலக்ஷ்மி. கல்யாணமாகி ஏழு வருஷம், கல்கத்தாவுக்கு வந்து ஐந்து வருஷம். நான் கார்டன் ரீச்சில் ரயில்வே தலைமை அலுவலகத்தில் சிக்னல் பிரிவில் படம் வரைகிறவன். கல்யாணம் ஆகவில்லை. அவர்கள் குடியிருக்கும் வீட்டின் மொட்டைமாடி அறையில் இருக்கிறேன், இரவுச் சாப்பாடு அவர்கள் வீட்டில். கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர் பாதுரி பாபு. பருத்த மனிதர். நாங்கள் எல்லோரும் அவரைக் காக்கு என்றுதான் கூப்பிடுவோம், சித்தப்பா என்று அர்த்தம்.

அனந்து பழைய புல்லட் ஒன்று வாங்கினான். வாங்கின அன்றைக்கே விஜியிடம், "உன்னைக் கோனார்க் அழைச்சுண்டு போய் சூரியோதயம் காட்டறேன் பாரு" என்றான். நான் அப்போது ரசம் சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், என் காதால் கேட்டேன். பிறகு அவன் ஒரு மோட்டார் சைக்கிள் கிளப்பில் சேர்ந்தான். அந்த வருஷம் துர்கா பூஜா விடுமுறைக்குக் கிளப் ஆட்கள் பூரிக்கும் கோனார்க்குக்கும் போவதென்று முடிவாயிற்று. விஜி அன்றே ஒரு சின்னப் பையைத் துவைத்துக் காயப் போட்டாள்.

"முந்நூறு மைல்டீ. லேடீஸுக்குச் சரிப்பட்டு வராது," என்றான் அனந்து.

"கிளப்ல லேடீஸ் வரப்படாதுன்னு ரூல் இருக்கா?"

"ரூல் இல்லை. யாரும் அழைச்சுண்டு வரலை. நான் மட்டும் பெண்டாட்டியோட போய் நின்னா சிரிப்பா."

"சாமானெல்லாம் ஜீப்ல வரதுன்னேள். பின்சீட்டு காலியாத்தானே போறது?"

அனந்து சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தான். இப்படி மாட்டிக்கொண்டால் அவன் வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவான். "குருமூர்த்தி, லிஸ்ட் போட்டுட்டேன் பாரு," என்றான்.

லிஸ்டைப் பார்த்தேன். மஞ்சள் கண்ணாடி வைத்த பனி விளக்கு இரண்டு, நாலு மூலைக்கும் இண்டிகேட்டர், ஜோடி ஹார்ன், கடிகாரம், கடிகாரத்துக்கு ஒரு விளக்கு, மட்கார்டுக்கு அடியில் ஒரு நீல பல்பு. நீல பல்பு எதற்கு என்று கேட்டேன். "அழகுக்கு," என்றான். எல்லாவற்றையும் மல்லிக் பஜாரில் தேடித் தேடி வாங்கி, ஜவுளி வாங்கி வந்தவன் போலக் கட்டிலில் பரப்பி வைத்திருந்தான். மாட்ட வேண்டியது நான்.

அந்த வண்டிக்கு ஆறு வோல்ட் பாட்டரி. டைனமோ எவ்வளவு கொடுக்கும், இவன் மாட்டுகிற சாமான் எவ்வளவு குடிக்கும் என்று கணக்குப் போட்டேன். எல்லாவற்றையும் ஒன்றாக எரிய விட்டால் ஒரு மணி நேரத்தில் பாட்டரி படுத்துவிடும். அதனால் புதுச் சாமானுக்கெல்லாம் தனியாக ஒரு லைன் இழுத்து, தனி ஃப்யூஸ் போட்டு, ஒரே சுவிட்சில் அடக்குவதென்று தீர்மானித்தேன். இன்ஜின், ஹெட்லைட், பிரேக் விளக்கு இவற்றில் கை வைக்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பின்னால் காக்கு என்னைப் பற்றி, உயிரோடு விளையாடினவன் என்று தெருவில் சொல்லிவிட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறை வாசலில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்தேன். விஜி அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, ஆபீஸ்லயும் இதே மாதிரிதான் வரைவேளா?"

"அங்கே இன்டர்லாக்கிங். தண்டவாளம் சரியாத் திரும்பியிருந்தாத்தான் ரயிலை விடறதுக்கு சிக்னல் இறங்கும். இல்லேன்னா ஸ்டேஷன் மாஸ்டர் தலைகீழா நின்னு லீவரை இழுத்தாலும் இறங்காது."

விஜி அப்பளத்தை மறந்து வாசலிலேயே நின்றாள். உள்ளே எண்ணெய் காய்ந்து புகைந்தது.

"அப்போ, பின்சீட்டுல ஆள் உட்கார்ந்தாத்தான் லைட் எரியும், ஹார்ன் அடிக்கும்னு பண்ண முடியுமோ?"

முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வேலை தெரிந்தவனிடம் முடியுமா என்று கேட்டால் அவன் முதலில் பார்ப்பது முடியுமா என்பதைத்தான். சரியா தப்பா என்பது அப்புறம்தான் வரும். இரண்டு பித்தளைத் தகடு, இரண்டுக்கும் இடையில் ஓரங்களில் மட்டும் ஸ்பாஞ்ச். மேலே கனம் ஏறினால் தகடுகள் ஒட்டும், கரண்ட் ஓடும். இறங்கினால் பிரியும், நிற்கும். படத்தின் ஓரத்திலேயே போட்டுக் காட்டிவிட்டேன்.

"எவ்வளவு கனத்துக்கு வைக்கணும்?" என்று கேட்டேன்.

"என் கனத்துக்கு."

"எவ்வளவு?"

"அதையெல்லாம் கேக்கப்படாது."

ஆகவே கணக்கில்லாமல் பரீட்சை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அனந்து இல்லாத நேரமாகப் பார்த்து என் அறையில் தகட்டின் மேல் அம்மிக்கல்லை வைத்தேன். ஒட்டவில்லை. அம்மிக்கல்லோடு ஆட்டுக்கல்லையும் வைத்தேன். ஒட்டவில்லை. விஜி உட்கார்ந்தாள், சோதனை பல்பு உடனே எரிந்தது. "ஐயோ, ஆட்டுக்கல்லை விடவா?" என்று அவள் முகம் சுருங்கிற்று. ஸ்பாஞ்சின் குணம் என்று சமாதானம் சொன்னேன்.

வயரிங் படம் இரண்டு பிரதி போட்டேன். அனந்துவுக்குக் கொடுத்ததில் தகடு இல்லை.

வேலை அஷ்டமியன்று மாலை முடிந்தது. தகட்டைப் பின்சீட்டின் அடியில் வைத்து, நாலு போல்ட்டையும் இறுக்கினேன். திருகாணி போட்டால் காசை வைத்துத் திருப்பிவிடுவான், அதனால் அறுபட்டைத் தலை போல்ட். விஜி வண்டி சாயாமல் இருக்கிறதற்காக என்று சொல்லிப் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அனந்து ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டான். மஞ்சள் விளக்கு, இண்டிகேட்டர், நீல பல்பு எல்லாம் எரிந்தன. ஜோடி ஹார்னை அமுக்கினான். காக்குவின் வீட்டுப் பூனை மதில் ஏறிக் குதித்து ஓடிற்று.

"குருமூர்த்தி, நீ ஆபீஸ்ல வீணாப் போறேடா!" என்று என் முதுகில் தட்டினான்.

மறுநாள் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டான். உள்ளே ஸ்வாமி முன்னால் விஜி புத்தகங்களை அடுக்கி, அதன் பக்கத்தில் அரிவாள்மணை, கத்தரிக்கோல், அனந்துவின் ஸ்பானர் செட், என் ஆயுதப் பெட்டி எல்லாவற்றையும் வைத்துப் பட்டுத் துணி போர்த்தினாள். நான் தனிக்கட்டை என்பதால் என் பெட்டி வருஷா வருஷம் அங்கேதான் உட்காரும். அதில் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர்கூட வெளியே தங்கக் கூடாது என்று ஞாபகமாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். கற்பூரம் காட்டியாயிற்று. மறுநாள் காலை புனர்பூஜை முடியும்வரை அதில் எதையும் யாரும் தொடக் கூடாது.

பிறகு அனந்து வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி நசுக்கிக்கொண்டு தெருவைச் சுற்றப் புறப்பட்டான். தெருமுனையில் ஹார்னை அமுக்கினான். சத்தம் இல்லை. மறுபடி அமுக்கினான். இண்டிகேட்டரும் இல்லை. திரும்பி வந்து செருப்போடு கூடத்துக்குள் நுழைந்தான்.

"ஸ்பானர் எங்கே?"

"சரஸ்வதிகிட்ட," என்றாள் விஜி.

"ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கறேன்டீ. பத்தாம் நம்பர்."

"ஏன்னா, போர்த்தின துணியை இன்னிக்கு எடுப்பாளா யாராவது? உங்க பாங்க்ல தெரிஞ்சா என்ன நினைச்சுப்பா?"

பாங்குக்கும் சரஸ்வதிக்கும் என்ன சம்பந்தம் என்று அவனுக்குத் தோன்றவில்லை. என்னைப் பார்த்தான். நான் என் பெட்டி இருக்கும் திசையில் கையை நீட்டிக் காட்டினேன். மல்லிக் பஜாருக்கு ஓடினான். பூஜாவுக்குக் கடைகள் அத்தனையும் மூடிக் கிடந்தன. கிளப் ஆட்களிடம் போய்க் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. புறப்படும் முன் தினம் ஸ்பானருக்குக் கை நீட்டுகிறவன் என்ன டூர் போகிறவன்? கடைசியில் காக்குவிடம் கேட்டான். அவர் வீடெல்லாம் தேடி ஒரு பாக்குவெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

அவனுக்கு இருந்த பயம் எனக்குத் தெரியும். கிளப் காரியதரிசி கோஷால் பாபு ராணுவத்தில் இருந்தவர். புறப்படும் இடத்தில் ஒவ்வொரு வண்டியையும் சோதிப்பார். அவருடைய விதி ஒன்றுதான்: வண்டியில் மாட்டியிருப்பது எதுவானாலும் வேலை செய்ய வேண்டும். வேலை செய்யாத விளக்கு என்றால் எங்கோ அவிழ்ந்த வயர், அவிழ்ந்த வயர் என்றால் பெட்ரோல் டாங்கிக்குப் பக்கத்தில் நெருப்பு. அப்படிப்பட்ட வண்டி வீட்டுக்குத் திரும்பவேண்டியதுதான்.

சாயங்காலம் காக்கு பட்டு ஜிப்பாவோடு வாசலுக்கு வந்தார். "அனந்த், என்னைப் பூஜைப் பந்தல் வரைக்கும் கொண்டு விடுகிறாயா? முழங்கால் வலி," என்று வங்காளியில் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்திருக்க வேண்டும். நவமியன்று பாலிகஞ்சில் ஒருவன் மோட்டார் சைக்கிள் வைத்திருந்தால் யாராவது பின்னால் ஏறாமல் இருப்பார்களா?

தெருமுனையில் ஜோடி ஹார்ன் அலறிற்று. பால்கனியில் நின்ற விஜி என்னைப் பார்த்தாள். அனந்து காக்குவைப் பந்தலில் இறக்கிவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினான். வீட்டு வாசலில் ஹார்னை அமுக்கினான். சத்தம் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி பந்தலுக்குப் போனான். காக்கு இலையின் முன் உட்கார்ந்திருந்தாராம். கிச்சடி பிரசாதத்தைப் பாதியில் விட்டு எழுந்து வரச் சொல்லி, ஏற்றி உட்கார வைத்து அமுக்கினான். அடித்தது. இறங்கச் சொன்னான். அடிக்கவில்லை. "ஏறுங்க காக்கு." அடித்தது. "இறங்குங்க காக்கு."

"நான் என்ன, உன் வண்டிக்குச் சாவியா?" என்று காக்கு கத்தியது எங்கள் வீடு வரை கேட்டது.

ஏழு மணிக்கு அனந்து என் அறைக்கு வந்தான். கதவைச் சாத்தினான்.

"சீட்டுக்கு அடியில என்ன வெச்சிருக்கே?"

"ஸ்பாஞ்ச்," என்றேன். அது பொய் இல்லை.

"குருமூர்த்தி!"

சொல்லிவிட்டேன். தகடு, கனம், இன்டர்லாக்கிங் எல்லாம். யார் கேட்டுச் செய்தது என்று மட்டும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. என் மேஜை விளக்கின் சுவிட்சை இரண்டு தரம் போட்டு அணைத்தான்.

"வயரை அறுத்துட்டா?"

"அறுத்தா ஒண்ணும் எரியாது. ரெண்டு முனையையும் சேர்த்துக் கட்டணும். அதுக்கு சீட்டைக் கழட்டணும்."

"கழட்ட ஸ்பானர் வேணும்."

"ஆமாம்."

அவன் கீழே இறங்கிப் போனான். விஜியின் குரல் கேட்டது. "புனர்பூஜையா? காலம்பற ஒம்பதுக்கு மேலதான் நல்ல நேரம். நீங்க எத்தனை மணிக்குப் போகணும்? ஆறுக்கா? அடடா." அந்த அடடாவில் இருந்த வருத்தத்தை நான் இதுவரை எந்தச் சாவு வீட்டிலும் கேட்டதில்லை.

அனந்துவைச் சாதாரணமாக எடைபோட்டுவிடக் கூடாது. எட்டு மணிக்குள் கரியாஹாட்டில் திருவேங்கடத்தின் மளிகைக் கடைப் பின்கதவைத் தட்டி ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். பின்சீட்டில் ஏற்றிக் கயிற்றால் கட்டினான். விளக்குகள் அத்தனையும் எரிந்தன. பால்கனியைப் பார்த்து நீளமாக ஒரு ஹார்ன் அடித்தான்.

விஜி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அன்று சாப்பாடு யாரும் போடவில்லை.

விஜயதசமி விடியற்காலை. சிலைகளைக் கரைக்கப் போகும் விசர்ஜன ஊர்வலங்கள் தெருவை அடைப்பதற்குள் ஊரைத் தாண்டிவிட வேண்டும் என்பது கோஷால் பாபுவின் திட்டம். கரியாஹாட் சந்திப்பில் எட்டு வண்டிகள் வரிசையாக நின்றன. அனந்து மூட்டையோடு வந்து ஒன்பதாவதாக நின்றான். விஜி என்னோடு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள். வழியனுப்ப வந்ததாகச் சொன்னாள். புடவையை இழுத்துச் செருகி, அந்தச் சின்னப் பையைத் தோளில் மாட்டியிருந்தாள். "காபி ஃபிளாஸ்க்," என்றாள். பை ஃபிளாஸ்க்குக்குக் கொஞ்சம் பெரிசு.

கோஷால் பாபு விசில் ஊதினார். விசிலுக்கு அப்புறம் வண்டியில் எவனும் ஸ்பானர் வைக்கக் கூடாது. ஒவ்வொரு வண்டியாகச் சோதித்துக்கொண்டு அனந்துவிடம் வந்தார்.

ஹார்ன் அடித்தது. பனி விளக்கு எரிந்தது. நாலு இண்டிகேட்டரும் சிமிட்டின. நீல பல்பைப் பார்த்து மட்டும் முகம் சுளித்தார். பிறகு மூட்டையைத் தட்டினார்.

"இது என்ன?"

"அரிசி, தாதா. ஜகன்னாதருக்கு," என்றான் அனந்து. தாதா என்றால் அங்கே அண்ணா.

"ஜகன்னாதருக்கு ஜீப்பில் போகட்டும். வண்டியில் சாமான் கூடாது."

இரண்டு பேர் வந்து கயிற்றை அவிழ்த்து மூட்டையைத் தூக்கினார்கள். விளக்குகள் அணைந்தன.

கோஷால் பாபுவின் புருவம் ஏறிற்று. "கீ ஹோலோ?" என்றார், என்ன ஆச்சு என்று. மூட்டையை மறுபடி வைக்கச் சொன்னார். எரிந்தது. தூக்கச் சொன்னார். அணைந்தது. டீக்கடையில் நின்றவர்கள் கிளாஸோடு வந்து சுற்றி நின்றுகொண்டார்கள். "இன்னொரு தடவை, இன்னொரு தடவை!" என்று யாரோ கத்தினார்கள். மூட்டை தூக்கியவர்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. வைத்தார்கள், எடுத்தார்கள், வைத்தார்கள்.

"வண்டிக்கு அரிசி போட்டால்தான் எரியுமா?" என்றார் கோஷால் பாபு. "மிஸ்டர் அனந்தகிருஷ்ணன், நான் முப்பது வருஷமாக வண்டி பார்க்கிறேன். சாப்பாடு கேட்கிற வண்டியை இப்போதுதான் பார்க்கிறேன். மன்னிக்கணும். இது வேலை செய்யாத வண்டி."

"அஞ்சு நிமிஷம் கொடுங்கோ, தாதா. ஒரு ஸ்பானர்..."

"விசில் ஊதியாச்சு."

அனந்து வண்டியைப் பிடித்தபடி நின்றான். சுற்றி எட்டு வண்டிகளின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் விஜியைப் பார்த்தான். விஜி எதிர்ப்பக்க மருந்துக்கடையின் போர்டை எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"விஜி."

"என்ன?"

"கொஞ்சம் வந்து உட்காரேன்."

"எதுக்கு? டெஸ்டுக்கா?"

அவன் என்னைப் பார்த்தான், கோஷால் பாபுவைப் பார்த்தான், டீக்கடைக் கூட்டத்தைப் பார்த்தான். "கோனார்க்குக்கு," என்றான், வாய்க்குள்ளேயே.

"அவாளுக்கும் புரியற மாதிரிச் சொல்லுங்கோ. அப்புறம் யாராவது சிரிக்கப் போறா."

அனந்து தொண்டையைக் கனைத்துக்கொண்டு வங்காளியில் சத்தமாகச் சொன்னான். என் மனைவியும் வருகிறாள், அவள் உட்கார்ந்தால்தான் இந்த வண்டி சரியாக இருக்கும், அப்படித்தான் இதைக் கட்டியிருக்கிறது. ஒருவரும் சிரிக்கவில்லை. என்னையும் விஜியையும் தவிர. டீக்கடைக்காரர் மட்டும், "என் சைக்கிளுக்கும் இப்படி ஒன்று பண்ணித் தர முடியுமா, என் பெண்டாட்டி பின்னால் ஏற மாட்டேன் என்கிறாள்," என்று என்னைக் கேட்டார். நான்தான் செய்தேன் என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ.

விஜி வந்து உட்கார்ந்தாள். விளக்குகள் எல்லாம் எரிந்தன. கோஷால் பாபு ஹார்னைத் தாமே அமுக்கிப் பார்த்தார். இரண்டு தரம் அமுக்கினார். பிறகு விஜிக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு நோட்டில் டிக் போட்டார்.

"பௌதி பாதி வழியில் இறங்கிவிடக் கூடாது," என்றார். பௌதி என்றால் அண்ணி.

"அவர்தான் இறக்கி விடாம இருக்கணும்," என்றாள் விஜி.

அனந்து தலையைத் திருப்பி, "ஃபிளாஸ்க்கை நன்னாப் பிடிச்சுக்கோ," என்றான். அவன் கோபமாக இருந்தானா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மீசைக்குக் கீழே ஏதோ நடந்துகொண்டிருந்தது.

ஜீப்பில் இடம் இல்லை என்று அரிசி மூட்டையை இறக்கி என் காலடியில் போட்டார்கள். ரிக்‌ஷாக்காரன் அதைப் பார்த்ததும் மணியை ஆட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டான். திருவேங்கடம் கடை திறக்க இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. வேறு வழியில்லாமல் மூட்டையின் மேல் உட்கார்ந்தேன்.

வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒன்பதாவது வண்டி டிராம் தண்டவாளத்தைத் தாண்டித் திரும்பும் இடத்தில், விஜி கால் வைக்கும் கம்பியில் ஊன்றி லேசாக எழுந்தாள். நீல பல்பு அணைந்தது. அனந்து பதறிக்கொண்டு திரும்பிப் பார்ப்பதற்குள் உட்கார்ந்துவிட்டாள். எரிந்தது. என் பக்கம் திரும்பாமலே ஒரு கையை மட்டும் தூக்கி ஆட்டினாள். அடுத்த வளைவில் இன்னொரு தரம் எழுந்தாள்.